ஹாலில் ஒரு எமர்ஜென்சி ஸ்டாப்

சர்க்கரை ஆலையில் தானியங்கி எந்திரங்களைக் கட்டி மேய்க்கும் இளவரசன், அந்த ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையத்து வீட்டைச் சர்வதேசத் தரத்துக்கு உயர்த்துவது என்று முடிவெடுத்தான்.

காரணம் மனைவி தேவிப்ரியா. குழந்தை இலக்கியா தவழ ஆரம்பித்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிருந்தது. பிளக் ஓட்டையைக் கண்டால் குழந்தையின் விரலுக்கு அப்படி ஓர் ஆசை. ஷாக் அடித்தால் கரண்ட்டைத் தானே நிறுத்துகிற பிரேக்கர் ஒன்றை மாட்டச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. அதற்குக் கள்ளக்குறிச்சி கடைக்குப் போக வேண்டும். அன்றைக்கோ கிரிக்கெட்.

ஆகவே, ஆலை எந்திரங்களை அவசரத்துக்கு நிறுத்தும் எமர்ஜென்சி ஸ்டாப் சுவிட்ச் ஒன்று கைவசம் இருந்ததை ஹாலில் மாட்டினான். மஞ்சள் பெட்டி, அதில் காளான் மாதிரி சிவப்புத் தலை. அமுக்கினால் வீடே அணைந்துவிடும்.

"ஜெர்மனிக்குப் போனாலும் இதே செவப்பு, இதே மஞ்சதான். ஆபத்துன்னு யாருக்குத் தோணுதோ அவங்க அமுக்கலாம். யாரையும் கேக்க வேணாம்."

"அமுக்குனத திருப்பி எடுக்கறது எப்பங்க?"

"ஆபத்து போனாத்தான். அதுவரைக்கும் மொதலாளியே வந்தாலும் தொடக் கூடாது."

"நல்ல ரூலுங்க," என்றாள் தேவிப்ரியா.

கடைசி ஓவர். டிவி செத்தது.

"யாரு அமுக்குனது?"

"நான்தாங்க. பாப்பா பிளக்காண்ட போய்க்கினு இருந்தா."

"தூக்கிட்ட இல்ல? எடுத்து வுடு."

"பிளக்கு வூட்லதான இருக்குது? ஆபத்து எங்க போச்சு?"

"ஒரே ஓவரு, பிரியா."

"ஒலகத்துக்கே ஒரு ரூலு, உங்களுக்கு ஒண்ணா?"

ஃபேன்கூட ஓடாத அமைதியில் அவனுக்குக் கோமுகி அணைக்கரை ஞாபகம் வந்தது. கல்யாணமான புதுசு. மற்ற புருஷன்மார் சினிமா பேச, இவன் ஒயர் நிறம் பேசினான். பச்சையும் மஞ்சளும் சேர்ந்து வந்தால் எந்த நாட்டிலும் அது எர்த் ஒயர்தான் என்றான். அவள் வேர்க்கடலை உரித்து அவன் உள்ளங்கையில் வைத்தபடி உம் கொட்டிக்கொண்டே இருந்தாள். காற்றுக்கு முந்தானை பறந்தது. தன் அழகில் மயங்கித்தான் உம் கொட்டுகிறாள் என்று எத்தனை நாள் நினைத்திருந்தான். பாடம் அல்லவா கேட்டிருக்கிறாள்.

வண்டியை எடுத்தான். பிரேக்கரோடு வந்து மாட்டினான். டெஸ்ட் பட்டனை அமுக்கியதும் அதன் விசை டப்பென்று கீழே விழுந்தது. தேவிப்ரியாவின் முகத்தில் பல நாள் பாரம் இறங்கியது.

பிரேக்கர் விசையைத் தூக்கிவிட்டு, காளான் தலையைப் பெருமையாகத் திருகினான். ஒன்றும் ஓடவில்லை.

"இன்னா ஆச்சு?"

"எல்லா சுவிட்சையும் நான்தான் ஆஃப் பண்ணேன். அத எடுத்ததும் மிஷினு தானா ஓடக் கூடாதாமே, ஒண்ணொண்ணா பாத்துதான் போடணுமாமே. அணக்கரையில நீங்கதான சொன்னீங்க?"

"சரி, மொதல்ல எதப் போடறது?"

"கிரைண்டர போடுங்க. காலையிலயே அரிசி ஊற வெச்சிட்டேன்."