சிகைக்காயில் குளித்த கோழிக்குஞ்சு

இதை எழுதியே தீரவேண்டிய நெருக்கடியை எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலர் எனக்கு உண்டாக்கிவிட்டது. அதில், மாவரைக்கும் பொறி ஒன்றின் விளம்பரத்துக்கு மேலே, நான்கே வரிகளில் ஒருவரைப் புகழ்ந்திருக்கிறார்கள். குழந்தை உளவியல் வல்லுநராம்; பன்னூல் கற்றவராம்; மென்மையாகப் பேசுபவராம். மூன்றும் பொய். கோபிசெட்டிபாளையம் தொடங்கி உடுமலைப்பேட்டை வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், குழந்தைகளைப் பற்றி அவரளவு உரக்கப் பேசியவரும் அவரளவு குறைவாகப் படித்தவரும் கிடைக்கமாட்டார். அவர் அறிந்தது கோழி. கோழி ஒன்றே.

தீவனக்காரர் என்றுதான் அவரை அனைவரும் அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்திருக்கும்; நான் கேட்டதில்லை. முப்பது ஆண்டுகள் கோழிப்பண்ணைகளுக்குத் தீவன மூட்டை விற்று ஓய்ந்தபின், கோவையில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் குடியேறினார். ஓய்வுபெற்றோர் நடைப்பயிற்சி செய்வர், கோயிலுக்குச் செல்வர், மருத்துவரைக் குறைகூறுவர். இவரோ ஞாயிறுதோறும் காலையில் கீழ்த்தளச் சமுதாயக்கூடத்தில் பெற்றோரைத் திரட்டிப் பிள்ளை வளர்ப்பு வகுப்பு நடத்தத் தொடங்கினார். கரும்பலகையில் ‘பேரன்டிங் கிளாஸ்’ என்று எழுதி, அதன்கீழ் ஒரு கோழியை வரைந்திருந்தார். கோழி நன்றாக வந்திருந்தது என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்கிறேன்.

என் வீடு அக்கூடத்துக்கு நேர்மேலே முதல் தளத்தில் இருப்பதால், வேண்டாமலே நானும் ஒரு மாணாக்கன் ஆனேன். கடைசல் பட்டறை நடத்தும் ஒருவர் ஒரு நாள் எழுந்து தம் குறையைச் சொன்னார்.

“ஏனுங்க, பையன் எங்கூடப் பேசவே மாட்டேங்கறானுங்க. என்னையக் கண்டா ரூமுக்குள்ள பூந்துக்கறான்.”

“நீங்க அவங்கிட்ட என்னங்க பேசுவீங்க?”

“மார்க்கப் பத்தித்தானுங்க.”

“அப்பறம்?”

“அப்பறம்... போன பரீச்சை மார்க்கப் பத்திங்க.”

“முட்டை போட்டுருச்சான்னு மணிக்கொருக்காத் தூக்கித் தூக்கிப் பாத்தீங்கன்னா, கோழி முட்டையும் போடாது, உங்க பக்கமும் வராதுங்க. சித்த நேரம் சும்மா பக்கத்துல உக்காருங்க.”

கூட்டம் கைதட்டியது. எனக்கு உடல் எரிந்தது. நாற்பது ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் நான். அன்பைப் பற்றி நம் முன்னோர் எழுதிவைத்த ஏடுகள் ஓர் அறை நிறைய இருக்க, பட்டம் பெற்ற பெற்றோர் ஞாயிற்றுக்கிழமையில் குளித்து உடுத்துக் கோழியிடம் பாடம் கேட்கப் போகிறார்கள்!

அவருடைய கருவி ஒரு மிதிவண்டி மணி. பெற்றோர் இருவரை எதிரெதிரே அமர்த்தி, ஒருவரைப் பெற்றோராகவும் மற்றவரைப் பிள்ளையாகவும் பேசச் சொல்வார். பத்து நிமிடம் அறிவுரை கூறாமல் பேசவேண்டும். அறிவுரையின் நிழல் விழுந்தாலும் மணி ஒலிக்கும். சில ஞாயிறுகளில் கீழ்த்தளம் பால்காரர்களின் ஊர்வலம்போல் ஒலித்தது.

பொறுக்கமாட்டாமல் சங்கத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு முறையீடு வரைந்தேன். ‘கல்வித் தகுதி அறவே அற்ற ஒருவர், பறவையினத்தின் இயல்பை மானிட மகவுகள்மீது ஏற்றியுரைக்கும் இவ்வடாத செயல்’ என்பது அதன் முதல் வரி. சங்கச் செயலாளர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, படியெடுத்து, தீவனக்காரரிடமே கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அவர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார்.

“எத்தன அழகா இருக்குது பாருங்க! ‘மானிட மகவுகள்மீது!’ நம்மளப் பத்தி ஒருத்தரு நாலு பக்கம் இப்பிடி எழுதோணுமுன்னா அதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்க!”

படித்ததோடு நில்லாமல், அதற்குக் கண்ணாடித்தாள் உறையிட்டுக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்து மின்தூக்கியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“வாத்தியாரய்யா, ‘அறவே அற்ற’ன்னா என்னங்க?”

பேராசிரியனை வாத்தியார் என்றதை விழுங்கிக்கொண்டு, “துளியும் இல்லாத என்று பொருள்” என்றேன்.

“சரியாத்தானுங்க எழுதியிருக்கீங்க” என்று சொல்லி, என்னை முதல் தளத்தில் இறக்கிவிட்டு மேலே போனார்.

இந்நிலையில்தான் பெங்களூரிலிருந்து என் மகள் அழைத்தாள். மனைவி மறைந்தபின் தனியே வாழும் எனக்கு ஆண்டில் ஒரு மாதம்தான் வீட்டில் குரல் கேட்கும். கோடை விடுமுறைக்குப் பேத்தி யாழினி வருவாள். சென்ற ஆண்டு அவள் நான்கே நாளில் திரும்பிப் போய்விட்டாள். குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது, தச்சர் வந்து கதவைப் பெயர்க்கவேண்டியதாயிற்று, குழந்தை அஞ்சிவிட்டது என்று மகளிடம் சொல்லியிருந்தேன். இந்த ஆண்டு அனுப்புவாயா என்று மகளைக் கேட்டேன்.

“அப்பா, உங்க அபார்ட்மென்ட்லயே பேரன்டிங் கிளாஸ் நடக்குதாமா. வாட்ஸப்புல போட்டோ பாத்தேன். அதுக்குப் போய் சர்ட்டிபிகேட் வாங்குங்க. அப்பறந்தான் யாழினி.”

“அம்மணி, அதை நடத்துபவர் கோழித் தீவனம் விற்றவர்.”

“யாரா வேணா இருக்கட்டுமுங்க.”

இவ்வாறு, என் முறையீடு தொங்கிய அதே சுவரடியில், நெகிழி நாற்காலி ஒன்றில், கடைசல் பட்டறைக்காரருக்குப் பக்கத்தில் நான் அமர நேர்ந்தது. தீவனக்காரர் எள்ளி நகையாடுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த நாகரிகம்கூட அவரிடம் இல்லை. “அந்த லெட்டர எழுதுனவரு இவருதானுங்க!” என்று பெருமையோடு அறிமுகம் செய்தார், கூட்டம் எழுந்து கும்பிட்டது. பயிற்சியில் பட்டறைக்காரர் எனக்குப் பிள்ளையானார். நான் வாய் திறந்த நான்காம் நொடியில் மணி ஒலித்தது. அதுவரை அவ்வகுப்பில் எவரும் அத்தனை விரைவாக அறிவுரையை எட்டியதில்லையாம்.

ஆறாம் வாரம் தீவனக்காரர் துளையிட்ட அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே பொரித்து ஒரே நாளான கோழிக்குஞ்சுகள். ஆளுக்கு ஒன்று.

“ஒரு வாரம் வளத்திக் கொண்டாருங்க. நாப்பது வாட்ஸ் பல்பு ஒண்ணு, தண்ணி, நொய்யி, அவ்வளவுதானுங்க. ஆனா பக்கத்துல ஆள் இருக்கோணும். தனியா உட்டாக் கத்திக் கத்தியே ஓஞ்சு போயிரும்.”

உயர்கல்வி இந்நாட்டில் எங்கே போய் நிற்கிறது என்று எண்ணியபடி என் பங்கை வாங்கிக்கொண்டேன். அது உண்மையிலேயே கத்தியது. நான் பக்கத்தில் அமர்ந்தால் அடங்கும், எழுந்தால் தொடங்கும். மூன்றாம் நாள் நான் ஒரு கட்டுரையை முடிக்கவேண்டியிருந்தது. ‘அன்பின் இயல்பு’ என்பது தலைப்பு. இரைச்சல் தாளாமல் பெட்டியை வெளியே மாடமுகப்பில் வைத்துக் கதவைச் சாத்தினேன். கட்டுரை சிறப்பாக வந்தது. முடிந்தபோது வெளியே பேரமைதி. எட்டிப் பார்த்தேன். பெட்டி வெறுமையாக இருந்தது. கைப்பிடிச் சுவரில் ஒரு காகம் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது.

சான்றிதழ் இல்லையேல் யாழினி இல்லை. தானி பிடித்து உக்கடம் சென்றேன். அங்கே தெருவோரத்தில் ஒருவர் கூடையில் கோழிக்குஞ்சு விற்பார். அனைத்தும் சாயம் ஏற்றியவை. பச்சை, நீலம், இளஞ்சிவப்பு.

“இயற்கை நிறத்தில் இல்லையா?”

“அத ஆருங்க வாங்குவா? ரோஸ் கொண்டுபோங்க, கொழந்தைக்குப் புடிக்கும்.”

“குழந்தைக்கு அன்று, தேர்வுக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இளஞ்சிவப்பில் ஒன்றை எடுத்துத் தந்தார்.

சிகைக்காய்த் தூளை வெதுநீரில் கரைத்து மூன்று முறை அதைக் குளிப்பாட்டினேன். துவட்டினேன். விளக்கடியில் உலர்த்தினேன். எண்ணெய்க் குளியல் முடித்த மணப்பெண்ணைப்போல் மணத்தது. ஆனால் கழுத்திலும் வாலிலும் சிவப்பு போகவில்லை. இதையும் காகத்துக்குக் கொடுத்துவிடுவேனோ என்ற அச்சத்தில் நான்கு நாள் பெட்டியருகிலேயே உண்டு, படித்து, உறங்கினேன்.

தேர்வு நாள் வந்தது. தீவனக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். என்னுடையதைக் கையில் ஏந்தி, சிறகை விரித்து, உற்று நோக்கினார். முப்பது ஆண்டு பண்ணைகளில் திரிந்தவருக்கு ஒரு நொடி போதும் என்பதை நான் அறியேன்.

“வாத்தியாரய்யா, நான் உங்களுக்குக் குடுத்தது பொட்டைங்க.”

“ஆம்.”

“இது சேவலுங்க.”

“வளருங்கால் இயல்பு மாறுவதுண்டு” என்றேன். என் ஆசிரியப் பணியில் எந்த மாணாக்கனும் இதைவிடக் கீழான விடையை எழுதித் தந்ததில்லை.

“நெறமும் மாறுமுங்களா?” என்றார் பட்டறைக்காரர். கூடம் அதிர்ந்தது.

தீவனக்காரர் சிரிக்கவில்லை. அந்த இளஞ்சிவப்புப் பறவை அவர் கையிலிருந்து தத்தி இறங்கி, என் செருப்பின்மேல் ஏறி நின்றுகொண்டது.

“தொலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுதுங்களே. இதுக்குப் போய்ச் சாயமெல்லாம் கழுவிக்கிட்டு...” என்றவர், குனிந்து அதைப் பார்த்தார். “ஆனா ரெண்டாவத நல்லாப் பாத்திருக்கீங்க. சரி, போன் போடுங்க.”

இறுதித் தேர்வு அது. அவரவர் பிள்ளையிடம் எல்லோரும் கேட்கப் பத்து நிமிடம் பேசவேண்டும். அழைத்தேன். கைபேசியின் ஒலியைக் கூட்டி மேசைமீது வைத்தார்கள்.

“சொல்லுங்கப்பா.”

“அம்மணி, உணவருந்தினாயா? ஞாயிறு என்று காலந்தாழ்த்தாமல் உரிய வேளையில்...”

மணி ஒலித்தது.

“அதென்னங்கப்பா சத்தம்?”

“மிதிவண்டி.”

“ஊட்டுக்குள்ளயா?”

“இருக்கட்டும். யாழினியின் கையெழுத்து இப்போது ஓரளவேனும்...”

மணி.

அதன்பின் எனக்குச் சொல்லுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. அறிவுரையைக் கழித்தால் என்னிடம் மிஞ்சுவது என்ன என்று அறுபத்தொன்பது வயதில், ஓர் அறை நிறைந்த அயலார் முன்னிலையில் கண்டுகொண்டேன். ஒன்றுமே இல்லை. அறவே அற்ற நிலை. காலடியில் அந்தப் பறவை சிகைக்காய் மணத்தோடு நின்றது. நான் பழகிய நடையெல்லாம் கைவிட்டுப் போக, என் தாய் வீட்டுப் பேச்சு வாயில் வந்தது.

“அம்மணி, போன வருசம் தாப்பாள் ஒண்ணும் சிக்கல. எழுத்து சரியில்லைன்னு ஒரே பக்கத்த ஒம்போது தடவ எழுத வெச்சேன். பத்தாவது தடவ சொன்னப்ப புள்ள பயந்துக்கிட்டு உள்ள போய்த் தாப்பாப் போட்டுக்கிச்சு. நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன்.”

“அப்பா, ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலீங்களா?”

“அதெல்லாம் இல்லை.”

“டாக்டரு ஆராச்சும் பக்கத்துல இருக்கறாங்களா?”

“கோழித் தீவனம் விற்றவர் இருக்கிறார்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு இடையில் உடைந்தது. “யாழினி அன்னிக்கே பஸ்ஸுல எல்லாத்தையும் சொல்லிட்டாளுங்கப்பா. நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான் ஒரு வருசமாப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“இனிமேல் அவளை எழுதவே சொல்லமாட்டேன். ஆனால் நீ அவளுக்கு நாள்தோறும்...”

இது தெள்ளத்தெளிந்த அறிவுரை. மணிக்காகக் காத்தேன், ஒலிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். தீவனக்காரர் மணியைத் தம் உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, சுவரில் தொங்கிய என் முறையீட்டைப் படிப்பவர்போல் நின்றிருந்தார்.

சான்றிதழ் மட்டும் தரவில்லை. “பெயிலுதானுங்க. ரெண்டு மணி அடிச்சுப்போட்டனுங்களே” என்றார். அவ்வாண்டில் அவ்வகுப்பில் தோற்றவன் நான் ஒருவனே. யாழினி சான்றிதழ் இல்லாமலே வந்தாள். மாதம் முழுதும் இருந்தாள். அந்தப் பறவைக்கு ரோஸ் என்று பெயரிட்டாள். ரோஸ் சேவலாகி, விடியுமுன் அடுக்ககம் முழுவதையும் எழுப்பத் தொடங்கியது. சங்கம் கூடியது. பத்து மாதம் உறங்கிய என் முறையீடும் அச்சேவலால் விழித்துக்கொண்டதுபோலும். ஒரே தீர்மானத்தில் சேவலையும் வகுப்பையும் வெளியேற்றினார்கள். முறையீட்டைத் திரும்பப் பெற ஆறு பக்கத்தில் இன்னொன்று எழுதினேன்.

“மொத லெட்டரு ரொம்ப ஸ்ட்ராங்குங்க ஐயா. ரெண்டாவது என்ன சொல்றதுன்னே புரியலீங்க” என்றார் செயலாளர்.

தீவனக்காரர் சேவலோடு உடுமலைக்குப் போய்விட்டார். அங்கே தம் மகனின் தேங்காய்க் கிடங்கில், மட்டைகளுக்கு நடுவே, அதே மணியோடு அதே பிதற்றலைத் தொடர்கிறார். என் முறையீட்டையும் கொண்டுபோய் மாட்டியிருக்கிறார். வெளியேற்றிய பிறகு புகழ்வது சங்கங்களின் மரபாதலால், ஆண்டு மலரில் அந்த நான்கு வரிகள்.

அவர் உளவியல் வல்லுநர் அல்லர். நூல் கற்றவர் அல்லர். மெல்லப் பேசுபவர் அல்லவே அல்லர். வரலாறு பிழைபடக்கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன். என் நினைவிலும் பிழை இருக்கலாம்; அறிந்தோர் திருத்தி எழுதினால் நன்றியோடு ஏற்பேன். நேரில் வருவோர் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்க வேண்டுகிறேன். அன்று காலை உக்கடத்தில் உடுமலைப் பேருந்து ஏறிவிடுவேன். சேவலின் நலத்தை யாழினிக்குத் தெரிவிக்கவேண்டும். அத்தோடு, தேர்வையும் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று முறை தோற்றாயிற்று. தேறிவிட எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.