சைபீரியாவில் இருந்து வந்த பெட்டை

ஹவுகெட்டோ, ஒஸ்லோ
24.10.2004

மதிப்புக்குரிய குகநேசன் அத்தான் அறிவது,

இங்கு நானும் யோகாம்பாளும் மகள் யதுர்ஷாவும் முருகன் புண்ணியத்தில் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முழங்காலுக்கென்று அனுப்பிய மீன் எண்ணெய் கிடைத்ததா? கிடைத்திருந்தால் குடிக்கச் சொல்லவும், பூசச் சொல்ல வேண்டாம்.

நிற்க. நீங்கள் பேசிவிட்ட லண்டன் மாப்பிள்ளை மதுரனைப் பற்றிப் பதினைந்தாம் திகதி ரெலிபோனில் நான் கத்தியது அத்தனையையும் இத்தால் வாபஸ் பெறுகிறேன். ஒழுக்கம் கெட்டவன் என்றது, நீங்களும் உடந்தை என்றது, ரிசீவரை அடித்து வைத்தது எல்லாம் சேர்த்துத்தான். பெடியன் தங்கம். ஒரு கிழமையாக நான் நன்றாக நித்திரை கொள்கிறேன். நடந்ததை முழுக்க அறிந்தால்தான் நீங்கள் என்னை மன்னிப்பீர்கள் என்பதால் விபரமாக எழுதுகிறேன்.

பதினாறாம் திகதி சனிக்கிழமை மதுரன் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. யோகாம்பாள் இரண்டு நாள் லீவு போட்டுப் பயித்தம் பணியாரம் சுட்டாள். சேலை என்றாலே முகத்தைத் திருப்புகிற யதுர்ஷா, ஆஸ்பத்திரி வேலையை வேறொருத்தியோடு மாற்றிக்கொண்டு, கேட்காமலே சேலையை எடுத்து ஸ்திரி போட்டாள். மூன்று மாதமாக அவனோடு ரெலிபோனில் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன் எனக்கு அழைப்பு எடுத்தான்.

"அங்கிள், குறை நினையாதேங்கோ, நாளைக்கு வரேலாது. சைபீரியாவிலை இருந்து ஒரு பெட்டை வந்து நிக்குது. நாளைக்குப் பாக்காட்டி இனி எப்ப பாக்கிறது எண்டு சொல்லேலாது."

என்ன தம்பி கதைக்கிறீர் என்று கேட்டேன். இங்கிலாந்தின் நோர்பொக் கடற்கரையில், சேர்ச்சுக்குப் பின்னால், முந்நூறு பேர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள், தான்தான் மிச்சம் என்றான். ஊர்ப் பெயர் கேட்டேன், எழுத்துக் கூட்டிச் சொன்னான். அத்தான், என் மகளைப் பார்க்க வர வேண்டிய நாளில் வேறொரு பெட்டையைப் பார்க்கப் போகிறான், அதுவும் முந்நூற்று ஓராவது ஆளாக, அதுவும் சேர்ச்சுக்குப் பின்னால். நான் உங்களுக்கு அழைத்துக் கத்தியது அப்போதுதான். யதுர்ஷா சேலையை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நியாயம் கேட்கப் போகிறவன் ஒழுங்காக உடுத்திருக்க வேண்டும் என்று சூட்டும் புதுச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, சனி காலையிலேயே மலிவு விமானம் ஒன்றில் ஏறி இங்கிலாந்தில் இறங்கினேன். வந்த நோக்கம் என்ன என்று குடிவரவு அதிகாரி கேட்டான். ஒரு பெண் விஷயம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். பிறகு ரெயில், பிறகு பஸ், பிறகு தப்பான பஸ், பிறகு நடை. போய்ச் சேர்ந்தால், அவன் சொன்ன சேர்ச்சுக்குப் பின்னால் சதுப்பு நிலத்தில் பச்சை யக்கெற் போட்ட ஆண்கள் முந்நூறு பேர் மூச்சுக் காட்டாமல் நின்று ஒரு பற்றைச் செடியைத் தொலைநோக்குக் குழாய் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இருந்தவர்களில் வயதான ஒருவரிடம் என் இங்கிலீசில் பெண் எங்கே என்று கேட்டேன். பற்றைக்குள் இருக்கிறாள், நாலாயிரம் மைல் தனியாக வந்தவள், பாவம், களைத்துப் போனாள், சரியாகச் சாப்பிடவும் இல்லை என்று அந்த மனுசன் காதுக்குள் சொன்னார். அத்தான், என் கோபமெல்லாம் அந்தப் பெட்டை மேல் இரக்கமாக மாறிவிட்டது. அந்த நேரம் பார்த்து, நீங்கள் அனுப்பிய படத்தில் இருந்த அதே மூக்கோடு மதுரன் தெரிந்தான். "டேய்" என்று காகம் கலைக்கிற குரலில் ஒரு சத்தம் போட்டேன். பற்றைக்குள் இருந்து ஒரு சின்னக் குருவி விர்ரென்று எழும்பிப் பறந்து போய்விட்டது.

முந்நூறு குழாயும் என் பக்கம் திரும்பின. ஓடலாம் என்றால் சப்பாத்து இரண்டும் சேற்றில் புதைந்துவிட்டன. மதுரன்தான் ரெலிபோனில் கேட்ட குரலை வைத்தே என்னை அறிந்து, ஓடி வந்து எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றார். (இனி அவர் என்றுதான் எழுத வேண்டும்.) இவர் என் மாமனார், நோர்வேயில் இருந்து வந்திருக்கிறார், ஒழுங்காகச் சொல்லாதது என் பிழை என்று அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"மாமா, பெட்டை எண்டது பெட்டைக் குருவியை. ஆணுக்குக் கழுத்துச் சிவப்பு. இதுக்கு அதுவும் இல்லை."

அவர் அங்கே வந்து பத்து நிமிசம்தானாம், குருவியை இன்னும் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் ஒரு சுடு சொல் இல்லை. தன் பூட்ஸைக் கழற்றி எனக்குத் தந்துவிட்டுக் காலுறையோடு நின்றார். முக்கால் மணித்தியாலம் கழித்துக் குருவி திரும்பி வந்தபோது, தான் பார்க்க முன்னம் என்னைக் குழாயில் பார்க்கச் சொன்னார். கைப்பிடி அளவு மண்ணிறம், வேறொன்றும் இல்லை. திசை பிழைத்து வந்துவிட்டதாம், அதனால்தான் இவ்வளவு மரியாதை. நான் எண்பத்தேழில் திசை பிழைத்து ஒஸ்லோவுக்கு வந்தபோது பார்க்க வந்தது பொலிஸ் மட்டும்தான். இருந்தும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அடுத்த நாள் மதுரன் என்னோடேயே ஒஸ்லோ வந்தார். நடந்ததைக் கேட்டு யதுர்ஷா சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். சேலை அலுமாரியிலேயே கிடந்தது, யாரும் தேடவில்லை. இருவருக்கும் சம்மதம். கலியாணம் தையில். அந்த மாதம் முக்கியமான பறவை ஒன்றும் வராது என்று மாப்பிள்ளை உறுதி தந்திருக்கிறார். உங்கள் மேல் எனக்கு ஒரேயொரு குறைதான் அத்தான். பெடியனின் நட்சத்திரம், சம்பளம், சின்ன வயதில் செங்கண்மாரி நோய் வந்தது வரை எழுதினீர்கள். குருவி பார்க்கிறவர் என்று ஒரு சொல் எழுதியிருக்கக் கூடாதா?

அக்காவுக்கு யோகாம்பாளின் அன்பு. முருகன் உங்கள் இருவருக்கும் நல்ல சுகம் தந்து தையில் விமானம் ஏற்றி வைப்பானாக.

பெரும் நிம்மதியோடு,
உங்கள் மச்சான்
குகதாசன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுகிற நேரத்தில் மதுரனின் தாய் அழைப்பு எடுத்தார். அந்தக் கூட்டத்தில் யாரோ என்னைப் படம் பிடித்து, 'பெண் எங்கே என்று கேட்டு வந்தவர்' என்று கீழே எழுதி இன்ரநெற்றில் போட்டிருக்கிறார்களாம். அது அவர்களின் சொந்தம் முழுக்கச் சுற்றிவிட்டது. மதுரன் சொல்வதை, மாமனாருக்குப் பரிந்து கதைக்கிறான் என்று ஒருவரும் நம்பவில்லையாம். பெண்ணின் தகப்பனுடைய ஒழுக்கத்தை விசாரித்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சாம், அதற்கு உங்களுக்குத்தான் ரெலிபோன் எடுக்கப் போகிறார்கள். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள் அத்தான். நான் அங்கே போனது பெட்டை பார்க்க அல்ல. பெட்டை பார்க்கத்தான், ஆனால் அது மதுரன் பார்க்கப் போன பெட்டை. வேண்டாம், நீங்களே யோசித்து ஏதாவது சொல்லிவிடுங்கள்.