திறந்த வாய் தீர்ப்புச் சொன்ன படலம்

வாழ்க! வெண்பளிங்குத் தரையும் பச்சைத் திரையும் பொலியும் பல் மருத்துவக் கூடத்திலே, வலக்கையில் உறிஞ்சுகுழலும் இடக்கையில் பஞ்சுருளையும் ஏந்தி, ஒன்பது ஆண்டுகளாக வருவோர் வாயூறும் நீரையெல்லாம் வற்றச் செய்து, கடல் குடித்த குறுமுனியே நேரில் வந்தாலும் "நமக்கு ஒரே கடல்தான், இந்தப் பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பதினெட்டு" என்று நாணித் தலைகவிழும்படி நிற்பவளும், நாற்காலியில் வாய் பிளந்து கிடப்போர் எழுப்பும் "ஆ", "ஆஆ", "ஆங்" என்னும் மூவகை ஓசையையும் முறையே "வலிக்கிறது", "தண்ணீர் வேண்டும்", "பையில் போன் அடிக்கிறது, யாரென்று பாருங்கள்" எனப் பொருள் பிரித்து உரைக்கும் ஒரே உரையாசிரியையுமான நாத்தனார் வாழ்க! அவள் புகழைப் பாடப் புகுந்தோம். செவியே, துணை நில். சுவரில் தொங்கும் ஒற்றை ஸ்பீக்கரே, உன்னால்தான் இத்தனையும். நீ சற்றே ஓய்ந்திரு.

யாருக்கு நாத்தனார் என்று வினவுவீராயின், அக்கூடத்தை ஆளும் டாக்டருக்கு நாத்தனார். டாக்டரோ, சொத்தைக்குச் சூறைக்காற்று, கடைவாய்க்குக் கூற்றுவன், எட்டடுக்கு ஈறு கடந்து உள்ளொளிந்து கிடந்த பல்லையும் வேரோடு கொண்டு "ஞானப்பல் கொண்டார்" என்னும் விருதுப்பெயர் பூண்டவர். நாத்தனாரின் அண்ணனுக்கு மாலையிட்டதால் இருவரும் உறவாயினர். வீட்டில் அண்ணி, கிளினிக்கில் டாக்டர் என்பது அவர்களிடையே எழுதாத சட்டம். கோபம் வரும்போது மட்டும் அந்தச் சட்டம் தானே கிழிந்துபோகும்.

பகை மூண்ட காரணம் இது. ஸ்பீக்கர் ஒன்று, அது ஒரு நேரத்தில் ஒரு போனுக்கே அடங்கும். அந்தப் போன் ஒன்பது ஆண்டுகளாக டாக்டருடையது. அதிலிருந்து நாள்தோறும் புறப்பட்டது ராக். மின்சாரம் பாய்ந்த கிதார் மதங்கொண்ட யானையாய்ப் பிளிற, டிரம்ஸ் இடியாய் உருள, பாடுகிறவன் கொதிநீரில் கால் வைத்தவனாய் அலற, அந்தப் பேரொலியின் கீழ் நாத்தனார் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை குழல் பிடித்தாள். அவள் நெஞ்சமோ ராப்பின் வசம். எதுகை மேல் எதுகை ஏறி, மோனை மேல் மோனை மோதி, மூச்சு முட்டும் வேகத்தில் சொற்கள் அணிவகுத்துப் போகும் அந்தப் பாட்டை அவள் கேட்டதெல்லாம் பஸ்ஸில் வரும்போது ஒரு காதிலும், கருவிகளைக் கழுவும்போது மறு காதிலுமே.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பர். ஒன்பதாண்டு பொறுத்தும் ஒரு ஸ்பீக்கரைக்கூட ஆளாத நாத்தனார், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கையுறையை மாட்டியபடி போர்முரசு அறைந்தாள்.

"அண்ணி… சேச்சே, டாக்டர். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். ராப்பா, ராக்கான்னு. மாடியில கண் டாக்டர் ஆள் தேடறார். அங்க பாட்டே கிடையாது. நான் தோத்தா நாளைலேருந்து மாடிக்குப் போறேன்."

"போயேன். மாடிதானே? படி இருக்கு."

இவ்வாறு டாக்டரின் நா உரைத்ததேயன்றி, நெஞ்சு வேறு உரைத்தது. இவள் போய்விட்டால் இனி வருகிறவன் "ஆ" என்றால் வலியா, தண்ணீரா, போனா என்று யார் சொல்வார்? வாய்கள் ஆயிரம் திறந்து கிடக்க, அவற்றின் பொருள் அறியாமல் தனித்து நிற்கும் தன்னை அவர் மனக்கண்ணில் கண்டார். கண்டும் முகத்தில் காட்டாமல் முகக்கவசத்தை மூக்கு வரை ஏற்றிக்கொண்டார்.

"யாரு தீர்ப்பு சொல்றது?"

"அடுத்து யார் உள்ள வர்றாங்களோ அவங்க."

"சரி. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நீங்க மாறாம இருந்தா போதும்."

திரை விலகிற்று. உள்ளே வந்தவர் ஏலக்காரர். பழைய கட்டில், பீரோ, கால் ஆடும் மேசை ஆகியவற்றை உயரமான பலகை மேல் நின்று ஏலம் விடுபவர். மூச்சு விடாமல் முன்னூறு சொல் சொல்லக்கூடிய அந்த வாய், அன்று இடப்பக்கம் வீங்கி, ஒரு கைக்குட்டைக்குள் அடங்கியிருந்தது.

"டாக்டரம்மா, சாயங்காலம் ஏலம் இருக்கு. அதுக்குள்ள வாய் எனக்குத் திரும்பி வந்துடுமா?"

"வந்துடும். ஆ காட்டுங்க."

ஐயகோ, இங்கேதான் விதி சிரித்தது! தீர்ப்பை முதலில் கேட்டு, ஊசியைப் பின்னர் போட்டிருந்தால் இந்தக் காவியமே இல்லை. போர்வெறி தலைக்கேறிய இருவரும் பழகிய கையோடு பழகிய வேலையைச் செய்தனர். டாக்டர் முக்காலியில் அமர்ந்து ஈற்றில் ஊசி ஏற்றினார். நாத்தனார் கன்னத்துக்குள் பஞ்சுருளைகளை அடைத்து, வாய் மூடாதிருக்கத் தாடைகளுக்கு நடுவே ரப்பர் கட்டையை நிறுத்தினாள். வெள்ளைப் பஞ்சு அணிந்த அந்த வாய், தும்பைப் பூ சூடிய போர்க்களமாய்ப் பிளந்து கிடந்தது. உதடு மரத்துவரப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் வாதப்போர் நடந்தது.

"ராக்னா அது இசை," என்று டாக்டர் முதல் அம்பை எய்தார். "உசிரைக் கொடுத்து வாசிக்கிறான். உன் ராப்புல என்ன இருக்கு? பேச்சு. பேச்சு கேக்கணும்னா நான் என் மாமியார்கிட்ட கேட்டுக்க மாட்டேனா?"

"உங்க மாமியார் எங்கம்மா."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

நாத்தனார் அந்த அம்பை மார்பிலே தாங்கி, தன் வேலை ஓங்கினாள்.

"உங்க ராக்குல அஞ்சு நிமிஷம் கிதார் ஒப்பாரி வைக்குது. கடைசில ஒரே ஒரு வரி. அதுவும் என்னன்னு புரியாது. பல்லு ராவுற மெஷின் எது, பாட்டு எதுன்னு வர்றவங்களுக்கே தெரியல."

"அதுக்குத்தான் போடறேன்! மெஷின் சத்தம் கேட்டு பயப்படாம இருக்கணுமில்ல?"

"போன வாரம் மெஷினை நிறுத்தினப்புறமும் ஒருத்தர் கத்திட்டே இருந்தாரே. எதுக்குன்னு நினைக்கிறீங்க? பாட்டுக்கு!"

இடியுண்ட நாகமெனச் சீறினார் ஞானப்பல் கொண்டார். "ராப் பாட குரலே வேணாம். மூச்சு இருந்தா போதும்."

"அந்த மூச்சுதான் கஷ்டம். எங்க, ஒரே மூச்சுல எங்கண்ணன் பண்ணின தப்பையெல்லாம் சொல்லி முடிங்க, பாப்போம்."

"அதுக்கு ஒரு மூச்சு எப்படிப் பத்தும்?"

"அதுவும் சரிதான்."

இக்கணம் இரு படையும் ஆயுதம் தாழ்த்தி, வீட்டில் செய்தித்தாளும் கையுமாய் உட்கார்ந்திருக்கும் ஒரு பொதுப்பகையை நினைந்து ஒருமித்துப் பெருமூச்செறிந்தன. பிறகு மீண்டும் பொருதன. தாளமா சொல்லா, நரம்பா நாவா, கூட்டமாய்க் கத்துவதா தனியாய்ப் பொரிவதா என்று சொற்கணை மாரி பொழிய, இரு பக்கக் கணைகளும் பறந்து செல்லும் வெளியாக, விளக்கின் கீழ் வாய் திறந்து மல்லாந்து கிடந்தார் நடுவர்.

அவர் உள்ளம் எந்தப் பக்கம்? ஐயமே இல்லை, ராப்பின் பக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பலகை மேல் நின்று, சொல்லைச் சொல்லால் துரத்தி, மூச்சை முடிச்சிட்டு வாழ்ந்தவர் அவர். தம் தொழிலுக்குத் தாளம் போட்டால் அதுதான் ராப் என்பதை அன்றுதான், அந்த நாற்காலியில்தான் அறிந்தார். அறிந்து கண்கள் பனித்தன. "இவ்வளவு நாளும் நான் பாடிக்கொண்டா இருந்தேன்!" என்று அவர் நெஞ்சு விம்மிற்று. நன்றியோடு தீர்ப்புச் சொல்லக் காத்திருந்தார்.

"சரி, நீங்களே சொல்லுங்க," என்றார் டாக்டர். "ராப்பா, ராக்கா?"

ஆனால் அந்தோ, தமிழெழுத்தே! குணத்தில் கீழ்த்திசையும் மேற்றிசையுமாய் விலகி நிற்கும் இவ்விரு இசைகளையும் நீ ஒரே தொட்டிலில் இட்ட இரட்டைப் பிள்ளைகளாக்கி, ஈற்றில் நிற்கும் ஒற்றை ஒற்றால் மட்டுமே பிரித்தாயே! அந்த ஒற்றுகளில் ககரமோ நாவின் அடி அண்ணத்தின் அடியைத் தொட்ட மாத்திரத்தில் தொண்டைப் பக்கமே பிறந்துவிடும். வாய் குகையெனத் திறந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பகரம் அப்படிப்பட்டதன்று. மேலுதடும் கீழுதடும் ஒன்றையொன்று தழுவினாலன்றி அது பிறவாது. இங்கே தழுவ விடாமல் நடுவில் நின்றது ரப்பர் கட்டை.

நெஞ்சம் நிறைய ராப்பை நிறைத்துக்கொண்டு ஏலக்காரர் முழங்க, உதட்டில் முடிய வழியில்லாத ஓசை தொண்டையிலேயே முறிந்தது.

"ராஆ…க்!"

"ராக்!" டாக்டர் துள்ளினார். "கேட்டியா? ராக்!"

"அவர் ராப்னு சொன்னார்!"

"ப் எங்க வந்துச்சு? க் அவ்வளவு தெளிவா கேட்டுது."

"உதடு மூடினாதானே ப் வரும்? வாய்ல கட்டையை வெச்சுட்டா ப் எங்கேருந்து வரும், காதுலேருந்தா? ஒன்பது வருஷமா இவங்க பேசறதை நான்தானே உங்களுக்குச் சொல்றேன். எனக்குத் தெரியாதா அண்ணி?"

"இன்னிக்கு நீ சொல்றது செல்லாது. நீயே போட்டிக்காரி."

நியாயம்தான். உரையாசிரியையே வழக்காடினால் உரையை யார் நம்புவார்? எனினும் மறுவிசாரணை கோரும் உரிமை தோற்றவர்க்கு உண்டு. கட்டை அகற்றப்பட்டது. பஞ்சு பறிக்கப்பட்டது. நாத்தனாரின் உள்ளத்தில் மாடிப்படிகள் ஒவ்வொன்றாய் எழுந்தன, அவற்றின் உச்சியில், பாட்டுமில்லாமல் சண்டையுமில்லாமல், எழுத்துப் பலகையைக் குச்சியால் சுட்டிக்காட்டி "இது என்ன எழுத்து?" என்று நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு வாழ்க்கை விரிந்தது.

"நிதானமா சொல்லுங்க," என்றாள். "உதட்டை மூடி."

ஏலக்காரர் மூடினார், அதாவது, மூடியதாக நம்பினார். மருந்து ஏறிய கீழுதடு போரில் மாண்ட களிறென ஒரு பக்கம் சாய்ந்து கிடந்ததை அவர் அறியார். மேலுதடு மட்டும் தனியே இறங்கி வந்து, துணையைக் காணாமல் திகைத்தது. இடைவெளி வழியே காற்று புறப்பட்டது.

"ராஃ."

உயிரும் அன்று, மெய்யும் அன்று, ராப்பும் அன்று, ராக்கும் அன்று! மூன்று புள்ளியாய்த் தனித்து நிற்கும் ஆய்தம், எந்தப் படையிலும் சேராத நாடோடி வீரனைப் போல் அறைக்குள் வந்து, டாக்டரின் மூக்குக்கண்ணாடி மேல் சிறு துளிகளாய் இறங்கிற்று.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "இது எந்தக் கணக்குல சேரும்?"

"விரல் காட்டச் சொல்லுங்க. ராக்குன்னா ஒண்ணு. ராப்புன்னா ரெண்டு."

அவள் சொல்லி முடிக்குமுன் ஏலக்காரரின் கை கொடிமரமாய் எழுந்தது. அதன் உச்சியில் இரண்டு விரல் விரிந்து நின்றன.

டாக்டர் அவற்றை உற்று நோக்கினார். "ரெண்டு பல்லு வலிக்குதுன்னு சொல்றார்."

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பொறுமைக்கடல் அந்தச் சொல்லில் கரை உடைத்தது. தூக்கிய கை ஒன்று, அதுவும் தம் கை, கணக்கில் சேராமல் போவதா? இருபத்திரண்டு ஆண்டுத் தொழிலுக்கு இதைவிட இழுக்கு உண்டோ? ஏலக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்தில் கட்டியிருந்த நீலத்தாள் போர்க்கவசமெனச் சரசரத்தது. பக்கத்துத் தட்டிலிருந்த வாய்க்கண்ணாடியின் காம்பைச் செங்கோலெனப் பற்றி, எஃகுத் தட்டின் விளிம்பில் ஓங்கி ஒரு அடி அடித்தார். திசை எட்டும் அதிர்ந்தது. வரவேற்பறையில் காத்திருந்தோர் தத்தம் கன்னத்தைப் பொத்திக்கொண்டனர்.

அவர் வாய் சொல்ல முடியாததை நாத்தனார் சொன்னாள். அவளுக்கல்லவா அந்த மொழி தெரியும்!

"ராப்! ஒரு தரம்."

மீண்டும் அடி.

"ரெண்டு தரம். கேக்கறதுக்கு வேற யாராவது இருக்கீங்களா?"

டாக்டரின் கை பாதி எழுந்தது. ஏலக்காரர் அதை ஒரு பார்வை பார்த்தார். ஆயிரம் கட்டில்களையும் பீரோக்களையும் கை மாற்றிய பார்வை அது. கை அப்படியே திரும்பி, காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டு, மடியில் இறங்கிற்று.

"மூணு தரம்!"

"சரி, சரி," என்றார் டாக்டர். "போட்டுத் தொலை."

வெற்றி! நாத்தனார் கையுறையைக் கழற்றி, தன் போனை அந்த ஸ்பீக்கரோடு முதன்முறையாக இணைத்தாள். மாடிப்படிகள் அவள் உள்ளத்திலிருந்து ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. அறைக்குள் புகுந்தது ராப்; அடித்தாளம் தரையைத் தொட்டுத் தொட்டு நடக்க, அதன் தோள் மேல் ஏறிச் சொற்படை அலையலையாய் வந்தது. மீண்டும் பஞ்சணிந்த ஏலக்காரர், தாய்மொழியை அயல்நாட்டில் கேட்டவர் போல் கண்மூடிச் சாய்ந்தார். ஞானப்பல் கொண்டாரோ, வேப்பெண்ணெய் விழுங்கிய முகத்தோடு பல் ராவும் கருவியை எடுத்து, காலடியிலிருந்த மிதிவிசையை வலக்காலால் மிதித்தார். கருவி "ட்ர்ர்ர்ர்" என்று ஒரே இழுப்பாய் ஓலமிட்டது.

ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாம் பாட்டு தொடங்கியது. அதன் நடுவில், குழல் பிடித்து நின்ற நாத்தனாரின் செவி ஒரு புதுமையை உணர்ந்தது. கருவியின் ஓலம் இப்போது ஒரே இழுப்பாய் இல்லை. "டர்… டர்… டரடர்" என்று விட்டு விட்டு வந்தது. விட்ட இடமெல்லாம் சொல் விழும் இடமாயும், தொட்ட இடமெல்லாம் தாளம் விழும் இடமாயும் இருந்தன. மல்லாந்து கிடந்த ஏலக்காரரின் புருவங்கள் அதற்கேற்ப ஏறி இறங்கின. நாத்தனார் மெல்லக் குனிந்தாள். அங்கே, நாற்காலியின் நிழலில், ஒன்பதாண்டு ராக் ஆண்ட பேரரசியின் வலக்கால் மிதிவிசை மேல் குதிகால் உயர்த்திக் குதித்துக்கொண்டிருந்தது. அது கருவியை இயக்கும் கால், தொழில் நிமித்தம் என்று விட்டுவிடலாம். ஆனால் எந்த விசையும் இல்லாத, எந்த வேலையும் இல்லாத, வெறும் தரையில் நின்ற அந்த இடக்காலும் வெள்ளைச் செருப்போடு அட்சரம் பிசகாமல் உடன் குதித்துக்கொண்டிருந்ததை அவள் தன் இரு கண்ணாலும் கண்டு, உலகம் மூன்றும் கேட்க வெற்றி முழக்கமிடுவதற்காகக் குழலை உயர்த்தி, மூச்சை நிறைத்து, வாயைத் திறந்த அந்த மாபெரும் கணத்தில், அவள் பார்வை போன திசையை டாக்டர் பார்த்துவிட்டார்.

"கால் மரத்துப்போச்சு, அதான் ஆட்டறேன்," என்றார்.