உடம்புச் சட்டத்தைத் திருத்தப் போன கதை

மரியாதைக்குரிய பரஞ்சோதி மச்சான் அவர்களுக்கு, திகாம் பத்துவிலிருந்து உங்கள் தங்கை யோகேஸ்வரியின் கணவன் காளிதாசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். லூனாஸில் நீங்களும் அக்காவும் நலமாக இருக்க அம்மன் துணை. போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும், அதனால்தான் கடிதம்.

இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னாலும் சொன்னார், உங்கள் தங்கை என் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். எண்ணெய் மினுங்கும் ரொட்டி சானாய் கிடையாது, பால் ஊற்றி நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ கிடையாது, செம்பனை லாரி ஓட்டியே ஓய்ந்த மனுஷனுக்குக் காலையில் பாலும் சீனியும் இல்லாத வெறும் தே. இப்படி நொந்து கிடந்தபோதுதான் முகம்மது பாய் ரொட்டிக் கடைச் சுவரில் மலாய் அறிவிப்பு ஒன்றைப் பார்த்தேன். 'உண்டாங்-உண்டாங் துபோ'வை ஆராய்ந்து திருத்த மாநிலத்தில் ஆணையம் அமைக்கப் போகிறார்களாம், பொதுமக்கள் சுங்கை பட்டாணி மண்டபத்தில் கருத்துச் சொல்லலாமாம். உண்டாங்-உண்டாங் என்றால் சட்டம், துபோ என்றால் உடம்பு. என் உடம்பின் மேல் அரசாங்கத்துக்கு இத்தனை அக்கறையா என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. பாயும், "போய்ப் பேசுங்கண்ணே, நம்ம யாவாரமும் பொழைக்கும்லா" என்றார்.

கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பொத்தான் ஒன்று தெறித்து முன்வரிசை அம்மாவின் மடியில் விழுந்தது, அதை விடுங்கள். எனக்கு முன்னால் பேசிய வக்கீல் தொகுதி, சட்டமன்றம் என்று தலைப்பை விட்டு எங்கெங்கோ போனார், பாவம். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "எல்லா அதிகாரமும் ஒருத்தர் கையில் இருக்கிறது. கலந்து பேசுவது கிடையாது. எதிர்த்துக் கேட்டால் சோறு கிடையாது" என்று மலாயில் வெளுத்து வாங்கினேன். கருத்துக் கேட்ட குழுவின் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தணிந்த குரலில், "யார் அந்த ஒருவர்?" என்றார். "என் சம்சாரம்" என்றேன். மண்டபமே அதிர்ந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், இளகிய மனசு. இடைவேளையில் அவர் கையாலேயே எனக்குக் கட்டிப் பால் ஊற்றிய தே தந்தார். இடைக்காலத் தீர்ப்பு அதுதான், மச்சான். ஆணையத்தில் எனக்கும் ஒரு நாற்காலி நிச்சயம்.

ஆகவே சட்டம் மாறிவிட்டது என்பதை மூத்தவர் என்ற முறையில் தாங்களே தங்கைக்கு எடுத்துச் சொல்லி, தீபாவளிக்கு வரும்போது அக்கா சுடும் அதிரசத்தையும் தாராளமாகக் கொண்டு வரவும். பிள்ளைகள் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
வெற்றி உறுதியான
காளிதாசன்

பின்குறிப்பு: நான் தபால்தலை தேடப் போன நேரத்தில் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். அந்த இரண்டு மலாய்ச் சொல்லும் சேர்ந்தால் உடம்பு இல்லையாம், நெகிரியின், அதாவது மாநிலத்தின் அரசியலமைப்புச் சட்டமாம். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "நெகிரியப் பாத்துக்க ஆணையம், மந்திரின்னு ஆயிரம் பேரு இருக்காங்கலா. உங்களப் பாத்துக்க நான் ஒருத்திதானே இருக்கேன்?" என்றாள். அதனால், மச்சான், அதிரசம் வேண்டாம். முறுக்கு கொண்டு வாருங்கள், அதற்கு அவள் இன்னும் சட்டம் போடவில்லை.