அழகம்மாளின் கடைவாயும் மூன்று நிபுணர்களும்

விஞ்ஞானம் எந்தப் பக்கமும் சாயாது என்பதைக் கண்ணால் காண விரும்பியவர்கள், 1963 மே மாதம் கொடைக்கானலில் கூடிய பல் நிபுணர் குழுவைப் பார்த்திருக்க வேண்டும். விழுந்த கடைவாய்ப் பல்லுக்கு மாற்றாக எதைச் செய்வது என்று முடிவு கட்டுவதே குழுவின் பணி. அவ்வளவு ஆழ்ந்த சிந்தனைக்குச் சமவெளி வெயில் ஒத்துக்கொள்ளாது என்பதால்தான் சீசனில் மலையேறினார்கள். காலையில் ஏரியில் படகு விட்டதும் 'மனத்தை ஒருமுகப்படுத்தவே'.

ஆராய ஒரு வாய் வேண்டியிருந்தது. 'இலவசச் சிகிச்சை' என்ற நோட்டீசைக் கேள்விப்பட்டு, ஆயக்குடியிலிருந்து பஸ் ஏறி, வத்தலக்குண்டு சுற்றி வந்து சேர்ந்தாள் அழகம்மாள். கொய்யாப்பழம் விற்பவள். பழம் இனிக்குமா என்று யாராவது கேட்டால், கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்து விதையோடு நொறுக்கிக் காட்டுவாள். அதற்கு மேல் யாரும் வாய் திறந்ததில்லை. கீழ்வரிசையில் இருபுறமும் ஒவ்வொரு கடைவாய்ப் பல் போனபின், விதையை மெல்ல முடியாமல் அப்படியே விழுங்கினாள். தன் பழத்தையே மெல்லாதவளிடம் யார் வாங்குவார்கள்? கூட்டமெல்லாம் பக்கத்துக் கூடைக்காரி வடிவிடம் போய்விட்டது. அந்த வேதனை பல்வலியைவிடப் பெரிது.

மூன்று நிபுணர்களும் ஆளுக்கொரு டார்ச்சோடு அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள்.

பாலம் கட்ட வேண்டும் என்றார் டாக்டர் இராமலிங்கம். அதாவது, இருபக்கமும் உள்ள நல்ல பற்களைத் தேய்த்துத் தூணாக்கி, நடுவே போலிப்பல்லை நிறுத்துவது. இருபது வருஷமாக அவர் பாலம்தான் கட்டுகிறார். ஆராய்ச்சியிலும் அதே முடிவு கிடைத்ததில் அவருக்கே ஆச்சரியம். கழற்றி மாட்டும் பல்செட்டே உத்தமம் என்றார் டாக்டர் பரமானந்தம். பெட்டியில் அதற்கான சாமானை மட்டுமே அவர் கொண்டுவந்திருந்தது தற்செயல். டாக்டர் ஜெபதுரையோ, ஒன்றுமே செய்ய வேண்டாம், முன்பற்களே போதும், கடைவாய்ப் பல் ஓர் ஆடம்பரம் என்று தீர்ப்புச் சொன்னார். அவருக்கு ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஓட்டெடுத்தார்கள். மூன்றுக்கும் ஒவ்வொரு ஓட்டு. டீ குடித்துவிட்டு மறுபடியும் எடுத்தார்கள். ஜனநாயகம் அசையவில்லை.

நாற்காலியில் சாய்ந்து கிடந்த அழகம்மாளுக்குத் தாடை கடுத்தது. மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒரு சங்கதி கேக்கலாங்களா? உங்க மூணு பேருக்கும் கடவாப் பல்லு எப்படிங்கய்யா இருக்கு?"

அது ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது என்றார் இராமலிங்கம். ஆனால் அவர் வாயில் பல் விழுந்த இடம் அப்படியே காலியாகக் கிடப்பதைப் பரமானந்தம் காட்டிக்கொடுத்துவிட்டார். நல்ல பல்லைத் தேய்க்க மனசு வரவில்லை என்று பாலத்தார் முனகினார். ஒன்றுமே வேண்டாம் என்ற ஜெபதுரை செட்டு மாட்டியிருந்தார். இல்லாவிட்டால் கறி மெல்ல முடியாதாம்.

"அதுல கொய்யா வெத பூந்துச்சுன்னா?" என்று அவரிடமே கேட்டாள்.

"அடியில போச்சுன்னா உசிரு போயிரும்மா."

பரமானந்தத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"எனக்குச் செட்டு குமட்டுதும்மா. நம்ம இராமலிங்கம்தான் பாலம் கட்டிவிட்டாரு. ஆறு வருசமாச்சு, முறுக்கே கடிக்கேன்."

"அப்ப எனக்கும் அதையே கட்டிருங்க. வெரசா கட்டினா கார்த்திகைக் காய்ப்புக்கு ஆகும்" என்று மறுபடி சாய்ந்துகொண்டாள்.

இரண்டு முறை மலையேறி இறங்கினாள், பாலம் அமைந்தது. காய்ப்பு தொடங்கியதும் ஆயக்குடிச் சந்தையில் அவள் கடித்த முதல் கொய்யாவின் விதை நொறுங்கிய சத்தம் வடிவின் கூடை வரைக்கும் கேட்டது. கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது.

அடுத்த சீசனில் குழுவின் அறிக்கை வந்தது. மூன்று சிகிச்சைகளும் சமமாகச் சிறந்தவை என்று அது நிறுவியது. அழகம்மாளின் பெயர் மட்டும் இல்லை. நோயாளி ஒருவர் சிகிச்சையைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டதால் நீக்கப்பட்டார் என்று ஓர் அடிக்குறிப்பு. அதன் கீழே, ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம்: 'இனி, நிபுணர்கள் ஆலோசனையைத் தொடங்குமுன்பே நோயாளியின் வாய் மரத்துப்போக ஊசி போட்டுவிட வேண்டும்.'