பணச்சந்தை என்றால் என்ன என்று கேட்ட மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அம்மாவின் வலது முழங்காலைத் தவிர. அங்கே நீங்களும் அத்தையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களிடம் அகப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர்களும் சுகமாக இருக்கட்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியம் சொல்ல, நீங்கள் "அப்படீன்னா?" என்று கேட்க, அதற்கு நான் விளக்கம் சொல்ல, அந்த விளக்கத்துக்கும் நீங்கள் "அப்படீன்னா?" என்று கேட்க, என் ரீசார்ஜ் தீர்ந்துவிடும். கடிதத்தில் குறுக்கே பேச உங்களுக்கு வழியில்லை. ஆகவே இந்த நன்றியையாவது முழுசாகச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அம்மா வேலை பார்த்த சலவைக் கம்பெனியை மூடினார்களே, அன்றைக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓட்டலில் யார் யாரோ புரண்ட படுக்கை விரிப்புகளை நின்றுகொண்டே மடித்து மடித்து மூட்டு தேய்ந்தவர்களுக்கு, சேர வேண்டிய பணத்தில் பாதி கையில். மீதியை ஒரு நிதி நிறுவனம் 'பணச்சந்தையில்' வைத்திருக்கும், வைத்தியம் மாதிரி அவசரத்துக்குக் கேட்டால் கொடுக்கும் என்று ஒப்பந்தம். நான் எழுந்து நின்று உழைப்பு, சுரண்டல், வரலாறு என்று முழங்கினேன். கணக்கு அதிகாரி ரொம்ப மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பேனா மூடியைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினார். வரலாறு முடிந்தது, கையெழுத்துப் போடு என்று அர்த்தம். அப்போதுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

"பணச்சந்தைன்னா என்ன சார்?"

"பாதுகாப்பா வைக்கிறதுங்க."

"பீரோவும் பாதுகாப்புதான். பீரோன்னு எழுதாம இதை எதுக்கு எழுதியிருக்கீங்க?"

"வங்கிங்க, அரசாங்கம், பெரிய கம்பெனிங்க எல்லாம் கொஞ்ச நாளைக்குக் கடன் வாங்குவாங்க. ஒரு ராத்திரிக்குக்கூட வாங்குவாங்க. மிஞ்சிப்போனா ஒரு வருஷம். அப்படிக் குடுத்து வாங்குற இடந்தாங்க."

"அப்போ நாங்க கேட்டா உடனே வந்துருமா?"

"மறுநாளே வந்துரும். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தானே சார்."

"எனக்குத் தெரியாது. எழுதுங்க."

ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு ஒரே ராத்திரிக்குக் கோடி கோடியாகக் கொடுக்கிறதாம். சம்பளத்தில் கொஞ்சம் முன்பணம் கேட்ட அம்மாவிடம் இரண்டு பேரை ஜாமீனுக்குக் கூட்டி வா என்றார்கள். அது போகட்டும், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு பகுதியே இருந்தது. அதில் 'கம்பெனி', 'தொழிலாளர்', ஏன், 'நாள்' என்பதற்குக்கூடப் பொருள் எழுதியிருந்தார்கள். நம் பணம் போகிற இடத்துக்கு மட்டும் எழுதவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு வயிற்றில் எலி ஓடுகிறது. இஸ்திரிப் பிரிவு அக்கா, "இந்தாளைப் பெத்தவங்க கையில கேள்வித்தாளோட பெத்தாங்களா?" என்று சத்தமாகவே கேட்டாள். அம்மா உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணே, மானம் போகுது, உக்காருங்க" என்றாள். நீங்கள் உட்காரவில்லை. 'பணச்சந்தை என்பது ஓராண்டுக்குள் திரும்பிவரும், கேட்ட மறுநாளே பணமாக்கக்கூடிய முதலீடு மட்டுமே' என்று அவர் கையாலேயே எழுதவைத்து, ஓரத்தில் கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் உட்கார்ந்தீர்கள்.

இப்போது கேளுங்கள். போன வாரம் டாக்டர் அம்மாவின் முழங்காலைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் மாத்திரையால் ஆகாது, ஆபரேஷன்தான், தள்ளிப்போட்டால் நடை போய்விடும் என்றார். வருகிற திங்கட்கிழமை தேதி, அதற்குள் பாதிப் பணம் கட்ட வேண்டும். நிதி நிறுவனத்துக்கு ஓடினோம். கவுண்டர் கண்ணாடியில் இடுப்பு உயரத்தில் ஒரு ஓட்டை. நம்மாட்கள் குனிந்துதான் பேச வேண்டும் என்று அளவெடுத்து வைத்த ஓட்டை. உள்ளே இருந்தவர், "உங்க பணம் அஞ்சு வருஷப் பத்திரத்துல இருக்கு தம்பி, அதுக்கு முன்னாடி எடுக்க முடியாது. வட்டி கூடன்னு போட்டிருக்கோம். அதுவும் பணச்சந்தை மாதிரிதான்" என்கிறார். நான் குனிந்தபடியே கத்தினேன். குனிந்து கத்தினால் கோபம் எடுபடுவதில்லை மாமா, வயிற்றுவலிக்காரன் முனகுவது போலத்தான் இருக்கிறது. காவலாளி வந்து தோளைப் பிடித்தான், நான் திமிறினேன், என் சட்டைப் பை கிழிந்தது, அவன் தொப்பி விழுந்தது, அதை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். இதற்குள் அம்மா நாற்காலியில் இருந்தபடியே பையிலிருந்து அந்த முதல் பக்கத்தை எடுத்து, "எங்க அண்ணன் எழுதச் சொன்னது" என்று ஓட்டை வழியாக நீட்டிவிட்டாள்.

உள்ளே மேனேஜர் வந்தார். படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் படித்தார். "இதை யாரு எழுதச் சொன்னது?" என்று உள்ளே ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்துகொண்டார்கள். ஒப்பந்தத்தில் பொருள் எழுதாத சொல்லை அவர்கள் இஷ்டத்துக்கு இழுக்கலாம். எழுதிவிட்டால் அந்தப் பொருள்தான், அகராதியே வந்து சாட்சி சொன்னாலும் மாறாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஐந்து வருடத்துக்குப் போட்டது அவர்கள் தப்பு, நஷ்டமும் அவர்களுடையது. மறுநாளே பணம் அம்மாவின் கணக்குக்கு வந்துவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், சலவைக் கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம் என்பதால், எல்லோர் பணத்தையும் பத்திரத்திலிருந்து எடுத்து மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இஸ்திரிப் பிரிவு அக்கா வீடு தேடி வந்து, "உன் மாமன் நூறு வருஷம் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தைக்கு இதைச் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்.

மாமா, நான் இத்தனை நாள் இவர்களிடம் நியாயம் கேட்டிருக்கிறேன், தலையாட்டியிருக்கிறார்கள். நீங்கள் அர்த்தம் கேட்டீர்கள், வேர்த்துவிட்டது. உங்கள் பிடிவாதத்தால்தான் அம்மா நடக்கப்போகிறாள். இந்தக் கடனை அடைக்க எனக்குத் தெரியாது, அடைக்கவும் போவதில்லை.

அத்தைக்கு என் வணக்கம். பேத்தி கன்னத்தில் என் பங்குக்கு ஒரு கிள்ளு. அம்மா தன் ஆயுளில் பாதியை உங்களுக்கு எழுதிவைப்பதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
நன்றி மறவாத உங்கள் மருமகன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்மா வெளியே போய்விட்டு வந்தாள். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியாகிவிட்டதாம். ஏன் என்றேன். "கேட்டா மறுநாளே வந்துரும்னு ஆயிடுச்சேடா, அப்புறம் என்ன அவசரம்? முடியாமப் போறப்ப எடுத்துக்கலாம்." இப்போது வலிக்கவில்லையா என்றேன். "வலிக்குது. பணம் இருக்குங்கிற தெம்புல தெரியல." தெம்பாகத்தான் இருக்கிறாள். அந்த நிதி நிறுவனத்தில் இன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லையாம்; மூன்று மாடியும் படியேறிப் போய், பணத்தை மறுபடி அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.