66992-க்கு என் மனைவியிடம் என்ன வேலை?

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை பரம சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்று அவள் கேட்பதில்லை, நீங்களாவது கேளுங்கள்.

கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், எந்த எண்ணைப் பார்த்தாலும் அவள் பிரித்துப் போடாமல் விடமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் இருவரும் நூலகத்தில் சேர்ந்தோம். முன்னால் நின்ற அவளுக்கு அட்டை எண் 66928, பின்னால் நின்ற எனக்கு 66929. எண்ணிலும் ஒட்டிக்கொண்டோமே என்று பூரித்துப் போனேன். ஐந்தே நாளில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்தார். அவர் அட்டை 66992. அதைப் பார்த்ததும் உங்கள் தங்கை, வாசிப்பறை என்றும் பாராமல் கூவிவிட்டாள். 66928-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்களை, அதை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினால் 66992 வருமாம். அவர் எண்ணை அப்படிக் கூட்டினால் இவள் எண் வருமாம். இந்த மாதிரி ஜோடிக்கு நட்பு எண்கள் என்று பெயராம். ஜோடி!

"அப்ப நாம சொந்தம்னு சொல்லுங்க டீச்சர்" என்கிறார் அந்த ஆள். "சொந்தம் யாருக்கு வேணா இருக்கும் சார், இது நட்பு!" என்கிறாள் இவள். அன்று முதல் ஒரே மேசை, கட்டுக் கட்டாய்த் துண்டுக் காகிதம், குசுகுசுவென்று சிரிப்பு. எனக்கு வயிறு எரிகிறது மச்சான், மறைப்பானேன்? என் எண்ணையும் பார் என்று கெஞ்சினேன். "அதை விட்டுட்டு மத்த எல்லா வகுத்தியையும் கூட்டினாலும் 6799தான் தேறுது. உங்களுது குறைவெண்ங்க" என்றாள். "அந்த ஆளோடது?" என்றேன். "அதுவும் குறைவெண்தான். ஆனா வெறும் அறுபத்து நாலுதான் குறையுது." அந்த அறுபத்து நாலை என்ன செல்லமாகச் சொன்னாள் தெரியுமா?

நான் வேறு அட்டை வாங்கட்டுமா என்றால், 66928-க்கு நட்பு ஒன்றே ஒன்றுதான், வேறு எந்த எண்ணும் பலிக்காது என்கிறாள். சரி, நான் மாறிப் பயனில்லை, அவள்தான் மாற வேண்டும் என்று நேற்று அவள் அட்டையை என் பழைய ஷூவுக்குள் ஒளித்துவிட்டேன். இப்போது புது அட்டை வாங்கப் போயிருக்கிறாள். ஆனாலும் பயம் விடவில்லை. நீங்கள் அடுத்த ரயிலிலேயே கிளம்பி வந்து, கல்யாணமான பெண் கண்ட எண்ணோடும் பழகலாமா என்று அண்ணன் முறையில் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, 66992 தவிர மற்ற எண்களுக்கெல்லாம் என் அன்பு.

இப்படிக்கு,
எப்படி வகுத்தாலும் உங்கள் தங்கைக்கே உரியவன்

பி.கு.: வர வேண்டாம். இப்போதுதான் திரும்பி வந்தாள். புது எண் 67095. "இன்னைக்கு இந்த நம்பர் வரும்னு தெரியும். பழைய அட்டையை எப்படித் தொலைக்கிறதுன்னு யோசிச்சேன், நீங்களே தொலைச்சுட்டீங்க" என்கிறாள். அந்த மெக்கானிக்கோடு உட்கார்ந்து தேடியதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கு ஒரு ஜோடியாம். 67095-க்கு நட்பு 71145. "அது இன்னும் யாருக்கும் போகல. உங்களுக்குத்தான். போய் வரிசையில நில்லுங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அட்டைதான் கொடுக்கிறார்கள், என் முறை வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். நான் நிற்கத் தயார். ஆனால் அந்த ஒரு வருடமும் மெக்கானிக் எந்த மேசையில் உட்காருவார்?